சிறிய மேசைக்கு ஏற்ற மெக்கானிக்கல் விசைப்பலகையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

படுக்கையறையின் மூலையிலோ சன்னலோரத்திலோ போட்டிருக்கும் 80 செ.மீ. அகல மேசையில் மடிக்கணினி, தனித்திரை, குறிப்பேடு, தண்ணீர்ப் பாட்டில் ஆகியவை இடம்பிடித்த பிறகு, விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் மிஞ்சுவது கொஞ்ச இடம்தான். அந்த இடத்தில் வழக்கமான 104 விசைப் பலகையை வைத்தால் மவுஸ் மேசையின் விளிம்புக்குத் தள்ளப்படுகிறது. வலது கை உடலிலிருந்து விலகி, தோள் வெளிப்புறம் திரும்பிய நிலையிலேயே பல மணி நேரம் இருக்க வேண்டியதாகிறது. சிறிய மெக்கானிக்கல் விசைப்பலகை வாங்க வேண்டும் என்ற எண்ணம் பெரும்பாலும் இந்த நெருக்கடியிலிருந்தே பிறக்கிறது.

ஆனால் வாங்கப் போகும்போது 60 சதவீதம், 65 சதவீதம், டிகேஎல், ரெட் சுவிட்ச், ஹாட் ஸ்வாப் என்று அறிமுகமில்லாத சொற்கள் வரிசைகட்டி நிற்கின்றன. புதிதாக வாங்குபவர்களில் பலர் சுவிட்சின் நிறத்திலிருந்து யோசிக்கத் தொடங்குகிறார்கள். அந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து. சுவிட்சைப் பல பலகைகளில் பின்னால் மாற்றிக்கொள்ள முடியும். இல்லாத விசையைப் பின்னால் சேர்க்க முடியாது. ஆகவே நம் வேலைக்கு எந்தெந்த விசைகள் வேண்டும் என்பதை முதலிலும், அவற்றைத் தாங்கும் மிகச் சிறிய அளவு எது என்பதை அடுத்ததாகவும், சுவிட்சை அதன் பிறகும் முடிவு செய்வது நல்லது. தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இந்த முதல் கேள்வி மற்றவர்களைவிடக் கூடுதல் முக்கியமானது. ஏன் என்பதைக் கீழே விரிவாகப் பார்க்கலாம்.

மெக்கானிக்கல் என்பதன் பொருள்

மலிவான விசைப்பலகைகளில் எல்லா விசைகளுக்கும் அடியில் ஒரே ரப்பர் விரிப்பு இருக்கும். விசையை அழுத்தினால் அந்த இடத்திலுள்ள ரப்பர்க் குமிழ் மடங்கி, அதற்குக் கீழே உள்ள இரண்டு பிளாஸ்டிக் தாள்கள் ஒன்றையொன்று தொடும்போது எழுத்து பதிவாகும். பெரும்பாலும் விசையை அடிவரை அழுத்தினால்தான் இது நடக்கும். ரப்பர் நாளடைவில் தளர்ந்துவிடுவதால், ஓரிரு ஆண்டுகளில் சில விசைகள் குழகுழவென்று ஆகிவிடுவதைப் பலரும் கண்டிருப்பார்கள்.

மெக்கானிக்கல் பலகையில் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனி சுவிட்ச் உண்டு. அதனுள் ஒரு சுருள்வில்லும், மேலும் கீழும் நகரும் ஒரு தண்டும், உலோகத் தொடுமுனைகளும் இருக்கின்றன. ஜெர்மனியைச் சேர்ந்த செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் வகை 1980களில் வந்தது. இன்றைய பெரும்பாலான சுவிட்சுகள் அதன் அமைப்பையே பின்பற்றுகின்றன. அதன் காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு சீனாவின் கேடரான், கைல், அவுடெமு போன்ற நிறுவனங்கள் அதே அமைப்பில் சுவிட்சுகளைச் செய்யத் தொடங்கின. மெக்கானிக்கல் பலகையின் விலை நம் கைக்கு எட்டும் அளவுக்கு இறங்கியதற்கு இது முக்கியக் காரணம். செர்ரி எம்எக்ஸ் ரெட் சுவிட்சின் மொத்த நகர்வு 4 மி.மீ.; அதில் 2 மி.மீ. இறங்கியதுமே எழுத்து பதிவாகிவிடும். விசையை அடிவரை ஓங்கி அழுத்தத் தேவையில்லை என்பதுதான் நாள் முழுவதும் எழுதுகிறவர்களுக்கு இதில் கிடைக்கும் உண்மையான பயன்.

சதவீதங்களும் சென்டிமீட்டர்களும்

பெயரில் வரும் 60, 65, 75 ஆகிய எண்கள் முழுப் பலகையோடு ஒப்பிட்டுத் தோராயமாகச் சொல்லப்படுபவை. அவற்றை நம்பி முடிவெடுப்பதைவிட அளவுகோலை நம்புவது மேல். சாதாரண எழுத்து விசை ஒன்றின் அகலம், இடைவெளியோடு சேர்த்து, 19.05 மி.மீ., அதாவது முக்கால் அங்குலம். ஏறக்குறைய எல்லா உயரமான மெக்கானிக்கல் பலகைகளும் இந்த அலகையே பின்பற்றுவதால், எந்த அளவுப் பலகை மேசையில் எவ்வளவு இடத்தைப் பிடிக்கும் என்பதை வாங்கும் முன்பே கணக்கிட்டுவிடலாம்.

முழுப் பலகையின் விசைப் பரப்பு 22.5 அலகு, அதாவது 42.9 செ.மீ. வலப்பக்கத்து எண் பகுதியை மட்டும் நீக்கினால் கிடைப்பது டிகேஎல் எனப்படும் 87 விசைப் பலகை. அதன் விசைப் பரப்பு 34.8 செ.மீ. 75 சதவீதப் பலகையில் அம்பு விசைகளும் மேல்வரிசை எப் விசைகளும் (எப்1 முதல் எப்12 வரை) எழுத்து விசைகளோடு நெருக்கி அடுக்கப்பட்டிருப்பதால் அது 16 அலகு, 30.5 செ.மீ. ஆகிறது. 65 சதவீதப் பலகையும் அதே 16 அலகுதான். 60 சதவீதம் 15 அலகு, 28.6 செ.மீ. இவை எல்லாவற்றோடும் சட்டத்தின் ஓரத்துக்காக இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்றிரண்டு சென்டிமீட்டரைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இந்த எண்களைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். முழுப் பலகையிலிருந்து டிகேஎல்லுக்கு வந்தால் 8 செ.மீ. மிச்சமாகிறது. டிகேஎல்லிலிருந்து 75க்கோ 65க்கோ வந்தால் மேலும் 4 செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கிறது. அதன் பிறகு 65லிருந்து 60க்கு இறங்கினால் கிடைப்பது இரண்டு செ.மீ.கூட இல்லை, ஆனால் அதற்காக நான்கு அம்பு விசைகளையும், டெலீட், பேஜ் அப், பேஜ் டவுன் ஆகியவற்றையும் விட்டுக்கொடுக்கிறோம். மேசை சிறியது என்பதற்காக மட்டும் 60 சதவீதப் பலகையை வாங்குவது இலாபமான பேரம் அன்று.

அதே போல 75க்கும் 65க்கும் அகலத்தில் வேறுபாடு இல்லை என்பதையும் பலர் கவனிப்பதில்லை. கூடுதலாக ஒரு வரிசை எப் விசைகள் இருப்பதால் 75 சதவீதப் பலகை உட்பக்கமாக, அதாவது திரையை நோக்கி, ஏறக்குறைய 2 செ.மீ. நீளும், அவ்வளவுதான். திருகு குமிழ் வைத்த 75 சதவீதப் பலகைகள் சிலவற்றில் அம்பு விசைகளைச் சற்று விலக்கி வைப்பதால் அகலம் சில மி.மீ. கூடலாம். மேசையின் ஆழம் 40 செ.மீ.க்கும் குறைவு, மடிக்கணினி பலகைக்கு நேர் பின்னால்தான் இருந்தாக வேண்டும் என்றால் 65 பொருந்தும். இல்லையென்றால் எப் விசைகளை இழப்பதற்குக் காரணமே இல்லை.

மவுஸுக்கு எவ்வளவு இடம் மிஞ்சும்

இன்னொரு கணக்கு, என் பார்வையில் மேற்கண்டதைவிட முக்கியமானது. தட்டச்சு செய்யும்போது இரு ஆள்காட்டி விரல்களும் எப், ஜே விசைகளின் மீது இருக்கும். அவற்றின் நடுப்புள்ளி, ஜி விசையும் எச் விசையும் சந்திக்கும் கோடு. அந்தக் கோடு உடலின் நடுக்கோட்டுக்கு நேராக இருக்கும்படி பலகையை வைத்தால்தான் தோள்கள் இரண்டும் சமமாக இருக்கும். கீழ்வரிசையில் உள்ள பி (B) விசையைத் தொப்புளுக்கு நேராக வைத்தாலும் இதே நிலைதான் கிடைக்கும்.

அந்த நடுக்கோட்டிலிருந்து விசைப் பரப்பின் வலது விளிம்புவரை உள்ள தூரம் முழுப் பலகையில் 30 செ.மீ., டிகேஎல்லில் 22 செ.மீ., 75 மற்றும் 65இல் 17.6 செ.மீ., 60இல் 15.7 செ.மீ. 80 செ.மீ. அகல மேசையின் நடுவில் உட்கார்ந்தால் வலப்பக்கம் 40 செ.மீ. இருக்கும். சட்டத்துக்கு ஒரு செ.மீ. விட்டுவிட்டால், முழுப் பலகையை வைத்தவருக்கு மவுஸ் நகர 9 செ.மீ. மிஞ்சும். மவுஸின் அகலமே 6, 7 செ.மீ. என்பதால் அது நகர வழியே இல்லை. அவர் பலகையை இடப்பக்கம் தள்ளுவார், அதனோடு கைகளும் இடப்பக்கம் போகும், தலை மட்டும் திரைக்கு நேராக நிற்கும். டிகேஎல் வைத்தவருக்கு 17 செ.மீ. கிடைக்கும், 65 அல்லது 75 வைத்தவருக்கு 21 செ.மீ.க்கு மேல். மவுஸின் உணர்திறனை ஓரளவு கூட்டி வைத்தால் 21 செ.மீ. தாராளமாகப் போதும்.

வாங்குவதற்கு முன்பு ஒரு செய்தித்தாளை 32 செ.மீ. நீளம், 13 செ.மீ. அகலம் கொண்ட துண்டாக வெட்டி, மேசையில் பலகை இருக்க வேண்டிய இடத்தில் ஒட்டி, ஒரு நாள் அதன் அருகில் மவுஸை வைத்து வேலை செய்து பார்க்கலாம். கடைக்காரரின் படத்தைவிட அந்தத் தாள் உண்மையைச் சொல்லும்.

சிறிய பலகை என்பது விளையாட்டுக் கணினிக்காரர்கள் அண்மையில் கொண்டுவந்த மோகம் அன்று. 1985இல் ஐபிஎம் நிறுவனத்தின் மாடல் எம் பலகை 101 விசைகளோடு வந்து, இன்றைய முழுப் பலகைக்கு வடிவம் கொடுத்தது. எண் பகுதி இல்லாத இடச்சிக்கன வடிவத்தை அதே நிறுவனம் 1987இலேயே வெளியிட்டுவிட்டது. ஜப்பானில் பேராசிரியர் எயீச்சி வாடாவின் வடிவமைப்பில் பிஎப்யூ நிறுவனம் 1996இல் கொண்டுவந்த ஹேப்பி ஹேக்கிங் கீபோர்டில் 60 விசைகள்தான் இருந்தன. கண்ட்ரோல் விசை ஏ விசைக்கு இடப்பக்கமாக, பொதுவாகக் கேப்ஸ் லாக் இருக்கும் இடத்தில் வைக்கப்பட்டிருந்தது. யூனிக்ஸ் கணினிகளில் கட்டளைகளைத் தட்டுகிற நிரலாளர்களை மனத்தில் வைத்து, அவர்கள் விரல்கள் எங்கே அடிக்கடி போகின்றன என்று பார்த்து, மற்றவற்றை நீக்கிய பலகை அது. அந்த நீக்கம் அவர்கள் வேலைக்குப் பொருந்தியது. நம் வேலைக்குப் பொருந்துமா என்பது தனிக் கேள்வி.

தமிழ் தட்டச்சுக்கு வேண்டிய விசைகள்

ஆங்கிலம் மட்டும் எழுதுகிறவருக்கு அடைப்புக்குறி விசைகளும் அரைப்புள்ளி விசையும் அவ்வப்போது வந்துபோகிறவை. தமிழ்நாட்டு அரசு 1999இல் ஏற்றுக்கொண்ட தமிழ்99 முறையில் எழுதுகிறவருக்கு அவை எழுத்துகள். மேல் எழுத்து வரிசையின் பி (P) விசைக்கு வலப்பக்கம் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு சதுர அடைப்பு விசைகளில் ச, ஞ இருக்கின்றன. அரைப்புள்ளியில் ந, அதற்கடுத்த மேற்கோள் விசையில் ய, கீழ்வரிசைச் சாய்கோட்டு விசையில் ழ. இந்த ஐந்து விசைகளும் தனி விசைகளாக, இருக்க வேண்டிய இடத்தில், முழு அளவில் இருந்தால்தான் தமிழ்99 முறையில் வேகமாக எழுத முடியும்.

60 சதவீதமும் அதற்கு மேலான அளவுகளும் கொண்ட வழக்கமான பலகைகளில் இவை ஐந்தும் இருக்கும். ஆனால் இரண்டு இடங்களில் கவனம் தேவை. முதலாவது, 60 சதவீத அளவுக்குள்ளேயே அம்பு விசைகளையும் திணிக்க முயலும் பலகைகள். இவற்றில் சாய்கோட்டு விசை மேல் அம்புக்கும் சேர்த்துப் பயன்படுவதோ, வலது ஷிப்ட் சுருங்கி மற்ற விசைகள் இடம் மாறுவதோ உண்டு. ஆங்கிலத்தில் இது சிறு தொந்தரவு. தமிழில் "மழை" என்று எழுதப் போகும்போதெல்லாம் விரல் தடுமாறும். இரண்டாவது, 40 சதவீதப் பலகைகள். பிளாங்க் என்ற பெயருடைய புகழ்பெற்ற பலகை 12 பத்தி, 4 வரிசை மட்டுமே கொண்டது. அதில் பி (P) விசைக்கு அடுத்து பேக்ஸ்பேஸ் வந்துவிடுவதால் ச, ஞ இரண்டுக்கும் தனி விசை கிடையாது. இன்னொரு விசையை அழுத்திக்கொண்டே அவற்றைப் பெற வேண்டும். ச இல்லாமல் ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய இழப்பு என்பது விளங்கும். அழகான பலகைதான், ஆனால் தமிழ்99 பழகியவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அஞ்சல் போன்ற ஒலிபெயர்ப்பு முறையில் எழுதுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர்கள் கவனிக்க வேண்டியது ஷிப்ட் விசை. ண, ள, ற ஆகியவற்றுக்கு அவர்கள் ஷிப்டோடு என், எல், ஆர் விசைகளை அழுத்துகிறார்கள். என்னும் எல்லும் வலக்கை விசைகள் என்பதால் இடது ஷிப்டே போதும், அது எல்லா அளவிலும் அப்படியே இருக்கிறது. ஆர் இடக்கை விசை. முறையாகத் தட்டச்சு பழகியவர் அதற்கு வலது ஷிப்டை நாடுவார். முழுப் பலகையில் 2.75 அலகு நீளமான அந்த விசை, 65, 75 சதவீதப் பலகைகளில் மேல் அம்புக்கு இடம் விட்டு 1.75 அலகாகச் சுருங்கியிருக்கும். பெரும்பாலோர் சில நாள்களில் பழகிக்கொள்வார்கள். ஒரே அலகாகச் சுருங்கிய வலது ஷிப்ட் கொண்ட பலகைகளைத் தவிர்ப்பது நல்லது.

இனி டெலீட் விசை. தமிழ் ஒருங்குறியில் "கோ" என்பது க என்ற எழுத்தும் ஓகாரக் குறியும் சேர்ந்த வடிவம். பெரும்பாலான செயலிகளில் பேக்ஸ்பேஸை ஒருமுறை அழுத்தினால் கடைசிக் குறி மட்டும் போய் க மிஞ்சும். எழுத்தின் முன்னால் கர்சரைக் கொண்டுபோய் டெலீட்டை அழுத்தினால் முழு எழுத்தும் ஒரே அடியில் நீங்கும். பிழை திருத்துகிறவர்கள், தட்டச்சுப் பணி செய்கிறவர்கள் இந்த வேறுபாட்டைத் தெரிந்தோ தெரியாமலோ நாளெல்லாம் பயன்படுத்துகிறார்கள். எழுத்துக்கு எழுத்து நகர அம்பு விசையும், நீக்க டெலீட்டும் அவர்களுக்குக் கையடக்கத்தில் இருக்க வேண்டும். 60 சதவீதப் பலகையில் இரண்டுக்குமே எப்என் (Fn) என்ற துணை விசையைச் சேர்த்து அழுத்த வேண்டும் என்பதே, அதை நான் தமிழில் எழுதுகிறவர்களுக்குத் தயங்கிச் சொல்வதற்கு முதன்மைக் காரணம்.

மொழி மாற்றும் குறுக்குவழியையும் நினைவில் கொள்ள வேண்டும். விண்டோஸில் விண்டோஸ் விசையும் ஸ்பேஸ்பாரும் சேர்ந்து மொழியை மாற்றும். என்எச்எம் ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் ஆல்ட் விசையோடு ஓர் எண் விசையை அழுத்துகிறார்கள். இரண்டும் 60 சதவீதம்வரை தாராளமாக வேலை செய்யும்.

கணக்கு வேலையும் நிரல் வேலையும்

டேலி மென்பொருளில் வேலை செய்கிறவர்களுக்கு எப் விசைகள் உயிர்நாடி. எப்5 செலுத்துகை, எப்6 வரவு, எப்8 விற்பனை, எப்9 கொள்முதல் என்று விரல்கள் மனப்பாடமாகப் போய்வரும். 65 சதவீதப் பலகையில் ஒவ்வொரு முறையும் எப்என் விசையோடு எண் விசையை அழுத்த வேண்டியிருப்பது அவர்களுக்குத் தாங்காது. அவர்களுக்கு எண் பகுதியும் வேண்டும். அதற்காக முழுப் பலகைக்கே திரும்ப வேண்டியதில்லை. 96 சதவீதம் என்று விற்கப்படும் பலகைகள் எண் பகுதி, அம்பு, எப் விசைகள் எல்லாவற்றையும் இடைவெளியில்லாமல் நெருக்கி, ஏறக்குறைய 36 செ.மீ. அகலத்துக்குள் அடக்கிவிடுகின்றன; இது டிகேஎல்லைவிட ஒன்றரை செ.மீ. அளவே கூடுதல். இன்னொரு வழி, 75 சதவீதப் பலகையோடு தனி எண் பலகை ஒன்றை வாங்கி, வேண்டும்போது மட்டும் இடப்பக்கத்தில் வைத்துக்கொள்வது. மவுஸ் வலக்கையில் இருக்க, இடக்கையில் எண்களைத் தட்டப் பழகினால், சிறிய மேசைக்கு இதைவிட வசதியான ஏற்பாடு இல்லை.

நிரல் எழுதுகிறவர்கள் இடது மேல் மூலையைப் பார்க்க வேண்டும். 60, 65 சதவீதப் பலகைகளில் எஸ்கேப் விசை, எண் 1 விசையின் இடப்பக்கத்துக்கு இறங்கி வந்து, அங்கே இருக்க வேண்டிய பின்சாய்வு மேற்கோள் குறியின் (`) இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. டெர்மினலில் அந்தக் குறியையும் அலைக்குறியையும் (~) அடிக்கடி தட்டுகிறவருக்கு 75 சதவீதமே நல்லது.

சுவிட்ச்

சுவிட்சுகளில் மூன்று குடும்பங்கள் உண்டு. லீனியர் வகை தடையே இல்லாமல் நேராக இறங்கும். செர்ரியின் ரெட் இதற்கு எடுத்துக்காட்டு, அதை அழுத்த ஏறக்குறைய 45 கிராம் எடைக்குச் சமமான அழுத்தம் போதும். டேக்டைல் வகையில் எழுத்து பதிவாகும் இடத்தருகே விரலுக்குச் சிறு மேடு தட்டுப்படும். பிரவுன் இந்த வகை. கிளிக்கி வகையில் மேட்டோடு டிக் என்ற ஒலியும் எழும். புளூ இந்த வகை, ஏறக்குறைய 60 கிராம். இந்த நிறப்பெயர்களை மற்ற நிறுவனங்களும் பெரும்பாலும் பின்பற்றுகின்றன, ஆனால் எடையும் உணர்வும் நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறும்.

சிறிய மேசை என்றால் பெரும்பாலும் சிறிய அறை, பகிர்ந்துகொள்ளும் அறை. அருகில் குழந்தை தூங்கலாம், இன்னொருவர் தொலைபேசியில் கூட்டத்தில் இருக்கலாம். கிளிக்கி சுவிட்ச் கடையில் ஒரு நிமிடம் தட்டிப் பார்க்கும்போது மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். இரவு பதினொரு மணிக்கு வீட்டில் அது மற்றவர்களுக்கு வேதனை. ஆகவே முதல் பலகைக்குக் கிளிக்கி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. முறையாகத் தட்டச்சு பழகியவர்கள் பலருக்கு டேக்டைல் பிடிக்கிறது. மெல்லிய விரல் அழுத்தம் உடையவர்களுக்கு லீனியர் பொருந்துகிறது, ஆனால் விரலை விசையின் மீது வைத்தபடி யோசிக்கும் பழக்கம் இருந்தால் தேவையற்ற எழுத்துகள் விழுந்துவிடும். ஒலியைக் குறைக்கவே செய்யப்பட்ட சைலண்ட் வகைகளும் கிடைக்கின்றன. அவற்றின் தண்டில் உள்ள மென்மையான பட்டைகள் மேலும் கீழும் மோதும் ஓசையை அடக்கிவிடும். பலகைக்கு அடியில் ஒரு துணி விரிப்பைப் போடுவதும் மர மேசை அதிர்ந்து எழுப்பும் ஒலியை நன்றாகக் குறைக்கும்.

சுவிட்சைப் பற்றி உறுதியில்லாதவர்கள் ஹாட் ஸ்வாப் வசதியுள்ள பலகையை வாங்க வேண்டும். அதில் சுவிட்சுகள் பற்றவைக்கப்படாமல், குழிகளில் செருகப்பட்டிருக்கும். கூடவே வரும் இடுக்கியால் பிடுங்கி வேறொன்றைச் செருகலாம். ஒரே விசை பழுதானாலும் பலகையை எறிய வேண்டாம், அந்தச் சுவிட்சை மட்டும் மாற்றினால் போதும். சுவிட்சுகளில் 3 பின், 5 பின் என்று இரண்டு வகை உண்டு. 5 பின் ஏற்கும் பலகை இரண்டையும் ஏற்கும். 3 பின் மட்டும் ஏற்கும் பலகையில் 5 பின் சுவிட்சின் இரண்டு பிளாஸ்டிக் கால்களை வெட்டியெறிய வேண்டியிருக்கும்.

மென்பொருள், இணைப்பு, உயரம்

சிறிய பலகையில் விசைகள் குறைவு என்பதால், இருப்பவற்றை நம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளும் வசதி பெரிய பலகையில் இருப்பதைவிட இங்கே பெரும் மதிப்புடையது. கியூஎம்கே என்பது பலகைக்குள்ளேயே ஓடும் திறமூல மென்பொருள். வியா என்பது அதைக் கணினித் திரையிலிருந்து எளிதாக மாற்ற உதவும் கருவி. இவற்றின் துணையால் பயன்படாத கேப்ஸ் லாக்கைக் கண்ட்ரோலாகவோ எப்என் விசையாகவோ மாற்றலாம், டெலீட்டைக் கைக்கெட்டும் இடத்துக்குக் கொண்டுவரலாம். மாற்றம் பலகைக்குள்ளேயே பதிவாவதால், மென்பொருள் நிறுவ அனுமதியில்லாத அலுவலகக் கணினியிலும் அது அப்படியே வேலை செய்யும். கீக்ரான் நிறுவனத்தின் கே2 75 சதவீதம், கே6 65 சதவீதம். ஆனால் தொடக்கத்தில் வந்த அந்த மாடல்களில் இந்த வசதி இல்லை, பின்னால் வந்த புரோ, வி, கியூ வரிசைகளில் இருக்கிறது. மாடல் பெயரின் கடைசிச் சொல்லைப் படிக்காமல் பணம் கட்டக் கூடாது.

இணைப்பைப் பொறுத்தவரை, பெரும்பாலானோருக்கு ப்ளூடூத்தும் யுஎஸ்பி சி கேபிளும் இருந்தால் போதும். ஒரே பலகையை மடிக்கணினி, கைப்பேசி, டேப்லெட் மூன்றோடும் இணைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் வசதி பல மாடல்களில் உண்டு. கேபிள் செருகும் துளை பலகையின் பின்புறத்தில் இருந்தால் மேசையின் உட்பக்கம் கூடுதலாக 3, 4 செ.மீ. விட வேண்டும், இடப்பக்கவாட்டில் இருந்தால் அந்தப் பக்கம் விட வேண்டும்.

உயரத்தைப் பற்றி வாங்கும்போது யாரும் எச்சரிப்பதில்லை. வழக்கமான மெக்கானிக்கல் பலகையின் முன்விளிம்பே ஏறக்குறைய 2 செ.மீ. உயரம் இருக்கும். மடிக்கணினியின் தட்டையான விசைகளுக்குப் பழகிய மணிக்கட்டு இதன் முன் மேல்நோக்கி மடங்கி, சில நாள்களில் வலிக்கத் தொடங்கும். மணிக்கட்டுத் தாங்கி வாங்கினால் அது 7, 8 செ.மீ. ஆழத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆழம் குறைந்த மேசையில் அந்த இடம் இருக்காது. அப்படிப்பட்டவர்கள் லோ புரொபைல் எனப்படும் தாழ்வான சுவிட்சு வகையைப் பார்க்க வேண்டும். அதில் சுவிட்ச், விசைமூடி எல்லாமே குட்டை, தாங்கி தேவைப்படாது. மாற்றுச் சுவிட்சும் மாற்று விசைமூடியும் கிடைப்பது கடினம் என்பதுதான் அதன் குறை. எந்தப் பலகையானாலும் பின்கால்களை மடக்கி வைத்துப் பயன்படுத்துவதே மணிக்கட்டுக்கு நல்லது.

விசைமூடிகளில் ஏபிஎஸ் பிளாஸ்டிக் சில மாதங்களில் விரல் எண்ணெய் பட்டுப் பளபளக்கும். பிபிடி நீண்ட நாள் சொரசொரப்போடு இருக்கும். பின்னால் வேறு மூடிகள் வாங்க நினைத்தால், தொகுப்பில் 1.75 அலகு வலது ஷிப்டும், ஸ்பேஸ்பாரின் வலப்பக்கத்துக்கு ஒற்றை அலகு மூடிகளும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். முழுப் பலகைக்கான எளிய தொகுப்புகளில் இவை இருப்பதில்லை. தமிழ் எழுத்து அச்சிட்ட மூடிகளைத் தேடி அலைவதைவிட, தமிழ்99 படம் ஒன்றைத் திரையோரம் ஒட்டிவைத்துச் சில வாரம் பழகுவது விரைவான வழி. உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்களில் பெரும்பாலானவை வலக்கையிலும் பிரிந்திருப்பதால் மனத்தில் எளிதாகப் பதியும்.

பலகை வந்து சேர்ந்ததும், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் சிலவற்றைச் சோதித்துவிட வேண்டும். ஸ்பேஸ்பார், எண்டர், பேக்ஸ்பேஸ், இடது ஷிப்ட் ஆகிய நீண்ட விசைகளின் நடுவிலும் இரு ஓரங்களிலும் தட்டிப் பார்க்க வேண்டும்; கடகடவென்று உலோக ஒலி வந்தால் அவற்றைத் தாங்கும் கம்பிகளுக்கு மசகு போதவில்லை என்று பொருள். மலிவான பலகைகளில் இது வழக்கம், சிறிது கிரீஸ் தடவினால் தீரும். ஒரு விசை ஒருமுறை அழுத்தினால் இரண்டு எழுத்து விழுந்தால் அது சுவிட்சின் குறை. ஹாட் ஸ்வாப் இல்லாத பலகையானால் தயங்காமல் திருப்பி அனுப்பிவிடலாம். பிறகு தமிழ்99க்கு மாற்றி, ஞாயிறு, நச்சு, மழை, யாழ் ஆகிய சொற்களைக் கண்ணை மூடிக்கொண்டு பலமுறை தட்டிப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன ஐந்து விசைகளும் அவற்றுள் வந்துவிடுகின்றன. கணினியோடு ப்ளூடூத்தில் இணைந்திருக்கும்போதும் கேபிளில் இணைந்திருக்கும்போதும் தனித்தனியே இதைச் செய்து பார்ப்பது அவசியம். சில நிமிடம் சும்மா விட்டுவிட்டு மீண்டும் தட்டும்போது, உறக்கத்திலிருந்து எழும் பலகை முதல் எழுத்தை விழுங்கிவிடுகிறதா என்பதையும் அப்போதே கவனித்துக்கொள்ளலாம்.